கடல் இல்லாத நகரமும் கடலில் எழும் அபயக் குரலும்

கரையோரங்களைக் காத்து, ஆபத்தில் சிக்கியோரை மீட்கும் ரோந்துக் கப்பல்களைக் குறித்து ஒரு பார்வை



பெங்களூரு மாநகரம் கடல் மட்டத்திற்கு மேல் 900 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் அமைந்துள்ளது. அலையின் இரைச்சலோ, உப்புக்காற்றோ இங்கு இல்லை. ஆயினும் இந்நகரில் குடியேறியுள்ள தமிழ்ஜனங்களில் அநேகருக்குக் கடல் அந்நியமானதல்ல. குமரி, தூத்துக்குடி, இராமநாதபுரம், நாகப்பட்டினம், கடலூர் ஆகிய பகுதிகளிலிருந்து பிழைப்பைத் தேடி இங்கு வந்தவர்கள் நம் நடுவில் உண்டு. இவர்களுள் பலருடைய தகப்பனோ, தமையனோ, மாமனோ இன்றைக்கும் படகில் ஏறிக் கடலுக்குச் செல்கிறவர்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தொலைக்காட்சியில் புயல் எச்சரிக்கை வாசிக்கப்படும்போது இவ்வீடுகளில் உணவு இறங்குவதில்லை.

அப்படிப்பட்ட நேரத்தில் நடுக்கடலில் தவிக்கிறவனைத் தேடிப் புறப்படுவது யார்? அவன் எங்கே இருக்கிறான் என்பதை அவர்கள் எப்படி அறிகிறார்கள்? இக்கேள்விகளுக்கான விடையின் ஒரு முக்கியமான பகுதி, கடலே இல்லாத நம் பெங்களூரில்தான் இருக்கிறது.

கடலுக்கு மூன்று காவல்கள்

நம் நாட்டின் கடல்பரப்பை மூன்று படைகள் பகிர்ந்து காக்கின்றன. கரையை அடுத்த நீர்ப்பரப்பில் அந்தந்த மாநிலத்தின் கடலோரக் காவல்துறை சிறு படகுகளில் ரோந்து செல்கிறது. தமிழ்நாட்டில் இது கடலோரப் பாதுகாப்புக் குழுமம் என்று அழைக்கப்படுகிறது. கர்நாடகத்தின் கடலோரக் காவல்துறைக்கு உடுப்பியை அடுத்த மால்பேயில் தலைமையகம் உண்டு.

அடுத்தது இந்தியக் கடலோரக் காவல்படை. 1977 பிப்ரவரி 1 அன்று இடைக்கால அமைப்பாகத் தொடங்கப்பட்ட இப்படை, 1978 ஆகஸ்டில் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் முறையாக நிறுவப்பட்டது. கடற்படையிடமிருந்து பெற்ற இரண்டு பழைய போர்க்கப்பல்களும் ஐந்து ரோந்துப் படகுகளுமே அதன் தொடக்கச் சொத்து. "நாங்கள் காக்கிறோம்" என்பது அதன் குறிக்கோள் வாசகம். கரையிலிருந்து 200 கடல் மைல், அதாவது சுமார் 370 கிலோமீட்டர் வரையுள்ள பொருளாதார மண்டலத்தைக் கண்காணிப்பதும், கடத்தலைத் தடுப்பதும், எண்ணெய்க் கசிவை அகற்றுவதும், கடலில் உயிர்களை மீட்பதும் அதன் கடமைகள்.

மூன்றாவது, இந்தியக் கடற்படை. போருக்கென்று ஏற்பட்ட படையாயினும், அமைதிக்காலத்தில் நெடுந்தூரக் கடல்வழிகளைக் காப்பது அதன் அன்றாடப் பணி.

2008 நவம்பர் 26 அன்று மும்பையைத் தாக்கிய பயங்கரவாதிகள் கடல்வழியாகவே வந்தார்கள். "குபேர்" என்னும் இந்திய மீன்பிடிப் படகைக் கைப்பற்றி, அதன் மறைவிலேயே கரையை நெருங்கினார்கள். இதன் பின்னர் 2009ஆம் ஆண்டில் கடல் பாதுகாப்பின் ஒட்டுமொத்தப் பொறுப்பு கடற்படைக்கும், கரையோரக் கடலின் பாதுகாப்புப் பொறுப்பு கடலோரக் காவல்படைக்கும் வரையறுத்துக் கொடுக்கப்பட்டது. கலங்கரை விளக்கங்களிலும் உயர்ந்த கோபுரங்களிலும் ரேடார்களும் கேமராக்களும் நிறுவப்பட்டன. முதற்கட்டமாக 46 இடங்களில் அமைக்கப்பட்ட இந்தக் கண்காணிப்புச் சங்கிலியை உருவாக்கிக் கொடுத்தது, ஜாலஹள்ளியில் நாம் அன்றாடம் கடந்துசெல்லும் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமே.

ரோந்துக் கப்பல் என்பது எது?

போர்க்கப்பல் என்றவுடன் ஏவுகணைகளும் பெரும் பீரங்கிகளுமே நம் நினைவில் எழும்பும். ரோந்துக் கப்பல் அவ்வாறானதன்று. அதன் ஆயுதங்கள் குறைவு. பல நாட்கள் கரை திரும்பாமல் கடலிலேயே தங்கியிருப்பதும், அழைப்பு வந்தவுடன் விரைந்து செல்வதுமே அதன் பலம். பெரும்பாலானவற்றில் ஹெலிகாப்டர் இறங்கும் தளமும், பக்கவாட்டில் இறக்கப்படும் வேகப் படகுகளும், காயமடைந்தோரைக் கவனிக்க மருத்துவ அறையும் இருக்கும்.

கடலோரக் காவல்படைக்காகச் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியிலுள்ள லார்சன் அண்ட் டூப்ரோ கப்பல்கட்டும் தளம் ஏழு பெரிய ரோந்துக் கப்பல்களைக் கட்டிக் கொடுத்தது. இவற்றில் முதலாவதான "விக்ரம்" 2018 ஏப்ரலிலும், கடைசியான "விக்ரஹா" 2021 ஆகஸ்டிலும் பணியில் சேர்க்கப்பட்டன. சுமார் 98 மீட்டர் நீளமுள்ள இக்கப்பல்கள் மணிக்கு 26 கடல் மைல் வேகத்தில் செல்லக்கூடியவை. தரையின் கணக்கில் இது ஏறத்தாழ 48 கிலோமீட்டர். பேருந்தின் வேகந்தானே என்று எண்ணலாம். ஆனால் கொந்தளிக்கும் கடலில் இரண்டாயிரம் டன் எடையைச் சுமந்துகொண்டு செல்லும் வேகம் அது.

இவற்றைவிடச் சிறியவை இடைமறிக்கும் படகுகள். சுமார் 27 மீட்டர் நீளமுள்ள இவை மணிக்கு 45 கடல் மைல் வரை பாயும். ஆழம் குறைந்த பாக் நீரிணைக்கென்று மண்டபத்தில் ஹோவர்கிராஃப்ட் என்னும் காற்று மெத்தை ஊர்திகள் நிறுத்தப்பட்டுள்ளன. தண்ணீரிலும் மணற்திட்டிலும் ஒன்றுபோல ஓடும் இவை, கப்பலின் அடிப்பாகம் தரைதட்டும் இடங்களிலும் சென்று மீட்கின்றன.

காவலுக்குச் சென்ற கப்பல் மீட்பராய் மாறியது

கடற்படையின் ரோந்துக் கப்பல்கள் செய்த மீட்புப் பணிகளைச் சற்று நினைவுகூருவோம். 2015இல் ஏமன் நாட்டில் யுத்தம் மூண்டபோது, ஏடன் வளைகுடாவில் கடற்கொள்ளையரைத் தடுக்கும் பணியிலிருந்த "ஐ.என்.எஸ். சுமித்ரா" ஏடன் துறைமுகத்துக்குத் திருப்பிவிடப்பட்டது. குண்டுகள் விழுந்துகொண்டிருந்த அந்நகரிலிருந்து மார்ச் 31 அன்று 349 பேரை ஏற்றிக்கொண்டு ஜிபூட்டிக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

2023 ஏப்ரலில் சூடானில் உள்நாட்டுப் போர் வெடித்தபோது, "ஐ.என்.எஸ். சுமேதா" என்னும் ரோந்துக் கப்பலே முதல் குழுவாக 278 பேரைச் சூடான் துறைமுகத்திலிருந்து ஜெத்தாவுக்கு ஏற்றிச்சென்றது. அந்நாட்டில் அப்போது சிக்கியிருந்தோரில் கர்நாடகத்தின் ஹக்கிபிக்கி சமுதாயத்தினரும் இருந்தார்கள் என்பது நம் மாநிலச் செய்தித்தாள்களில் நாள்தோறும் வந்த செய்தி.

2024 ஜனவரியில் அதே சுமித்ரா, சோமாலியாவின் கிழக்குக் கடலில் கொள்ளையர் பிடித்துவைத்திருந்த இரண்டு ஈரானிய மீன்பிடிக் கலங்களை அடுத்தடுத்து விடுவித்தது. முதற்கலத்தில் 17 ஈரானியரும், மற்றதில் 19 பாகிஸ்தானியரும் இருந்தனர். மீட்கப்பட்டவர் எந்த நாட்டார் என்று கேட்பது கடலின் வழக்கமல்ல. ஆபத்திலிருப்பவனுக்குக் கைகொடுப்பது சர்வதேசச் சட்டமே விதித்திருக்கும் கடமை.

2025 மே மாதத்தில் கொச்சிக்கு அப்பால் "எம்.எஸ்.சி. எல்சா 3" என்னும் சரக்குக் கப்பல் சாய்ந்தபோது அதில் 24 பேர் இருந்தனர். அவர்களில் 21 பேரைக் கடலோரக் காவல்படை மீட்டது. கப்பலைக் காப்பாற்றலாம் என்னும் நம்பிக்கையோடு கடைசிவரை அதிலிருந்த மூவரை, அது மூழ்குவதற்குமுன் கடற்படையின் ரோந்துக் கப்பலான "ஐ.என்.எஸ். சுஜாதா" ஏற்றிக்கொண்டது. ஓர் உயிரும் போகவில்லை.

பீனியாவில் கேட்கும் குரல்

இப்போது நம் நகரத்துக்கு வருவோம். பீனியா தொழிற்பேட்டை என்றால் லேத்துப் பட்டறைகளும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளும், ஷிஃப்ட் முடிந்து பேருந்துக்கு நிற்கும் நம் சகோதர சகோதரிகளும் நினைவுக்கு வருவார்கள். அதே பீனியாவில் இஸ்ரோவின் "இஸ்ட்ராக்" நிலையம் உள்ளது. செயற்கைக்கோள்களைப் பின்தொடரும் இந்நிலையத்திலேதான் இந்திய மிஷன் கட்டுப்பாட்டு மையமும் இயங்குகிறது. கடலிலும் வானிலும் மலையிலும் ஆபத்தில் சிக்குவோர் எழுப்பும் அபயக் குரலைச் செயற்கைக்கோள் வழியாகக் கேட்கும் காது அதுவே.

அமெரிக்கா, சோவியத் ரஷ்யா, கனடா, பிரான்ஸ் ஆகிய நான்கு நாடுகள் இணைந்து உருவாக்கிய "கோஸ்பாஸ் சார்சாட்" என்னும் உலகளாவிய ஏற்பாட்டின் ஓர் அங்கம் இம்மையம். பனிப்போர் உச்சத்திலிருந்த காலத்தில், மற்ற எல்லாவற்றிலும் பகைத்துக்கொண்ட இரு வல்லரசுகள் மனித உயிரைக் காக்கும் இக்காரியத்தில் ஒருமனப்பட்டன. 1982ஆம் ஆண்டில் முதல் செயற்கைக்கோள் ஏவப்பட்ட சில மாதங்களுக்குள், கனடாவில் விழுந்த சிறு விமானத்தின் மூவர் இதனால் காப்பாற்றப்பட்டனர். பெங்களூரு மையம் இந்தியாவுக்கு மாத்திரமின்றி இலங்கை, மாலத்தீவு, வங்காளதேசம் முதலிய அண்டை நாடுகளுக்கும் இச்சேவையை அளிக்கிறது.

கப்பல்களில் பொருத்தப்படும் அபாயக் கருவி 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குரல் எழுப்பும். நம் மீனவர்களுக்கென்று இஸ்ரோ உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவி 2010 முதல் பயன்பாட்டில் உள்ளது. படகு மூழ்குகிறதா, தீப்பிடித்ததா, ஆள் கடலில் விழுந்தாரா, மருத்துவ உதவி வேண்டுமா என்பதற்கேற்ப அதன் பொத்தானை அழுத்தினால், படகின் அடையாளமும் அது நிற்கும் இடமும் செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூரை வந்தடையும். இங்கிருந்து கடலோரக் காவல்படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையங்களுக்குச் செய்தி செல்லும். மும்பை, சென்னை, போர்ட் பிளேர் ஆகிய மூன்று இடங்களில் அம்மையங்கள் உள்ளன. அங்கிருந்தே அருகிலுள்ள ரோந்துக் கப்பலுக்கும் விமானத்துக்கும் கட்டளை பிறக்கிறது.

ஒக்கி கற்பித்த பாடம்

2017 நவம்பர் 30 காலையில் கன்னியாகுமரிக்கு அருகே உருவெடுத்த ஒக்கிப் புயலை எவரும் மறக்கமாட்டார்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, பூத்துறை முதலிய ஊர்களின் மீனவர்கள் தங்கு கடல் மீன்பிடிப்பில் பெயர்பெற்றவர்கள். கரையிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தொலைவுக்குச் சென்று, வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிப்பவர்கள். புயல் எச்சரிக்கை வெளியானபோது அவர்களில் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தனர். படகுகளில் இருந்த வயர்லெஸ் கருவியின் எல்லைக்கு வெகு அப்பால் இருந்ததால், கரையில் அறிவிக்கப்பட்ட செய்தி அவர்களைச் சென்றடையவில்லை.

கடற்படையும் கடலோரக் காவல்படையும் கப்பல்களையும் விமானங்களையும் அனுப்பின. படகுகள் பல இலட்சத்தீவு, கர்நாடகம், மகாராஷ்டிரம், குஜராத் வரை ஒதுங்கின. அநேகர் மீட்கப்பட்டார்கள். ஆயினும் தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். தேடுதல் போதவில்லை என்று கொதித்தெழுந்த ஜனங்கள் டிசம்பர் 7 அன்று குழித்துறை இரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் அமர்ந்தார்கள். கணவனின் உடலையும் காணாமல், அவன் மரித்தான் என்று அழவும் கூடாமல், வருவான் என்று நம்பவும் இயலாமல் நின்ற தாய்மாரின் துயரம் வார்த்தைகளுக்கு அப்பாற்பட்டது.

இந்தத் துயரம் கற்பித்தது என்ன? கரையிலிருந்து கடலுக்கும், கடலிலிருந்து கரைக்கும் செய்தி போகவேண்டும் என்பதே. பழைய அபாயக் கருவி ஒருவழிப்பாதையாக இருந்தது. பொத்தானை அழுத்தியவனுக்குத் தன் குரல் கேட்கப்பட்டதா என்று தெரியாது. 2024ஆம் ஆண்டில் இஸ்ரோ அறிமுகப்படுத்திய இரண்டாம் தலைமுறைக் கருவியில், "உன் செய்தி கிடைத்தது" என்னும் பதில் படகுக்கே வந்துசேரும். புயல் எச்சரிக்கையையும் அதன் மூலம் அனுப்பலாம். நடுக்கடலில் தத்தளிக்கிறவனுக்கு இப்பதில் எத்தனை பெரிய பெலன் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், ஒரு இலட்சம் மீன்பிடிப் படகுகளில் செயற்கைக்கோள் தொடர்புக் கருவியைப் பொருத்தும் மத்திய அரசுத் திட்டமும் தொடங்கி வைக்கப்பட்டது.

ஒரு மணி நேரத்தின் விலை

கருவிக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்று சிலர் கேட்கலாம். ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். இயந்திரம் நின்றுபோன படகு, காற்றிலும் நீரோட்டத்திலும் மணிக்கு இரண்டு கடல் மைல் வேகத்தில் அடித்துச் செல்லப்படுவதாக வைத்துக்கொள்வோம். எந்தத் திசையில் என்பது தெரியாது. ஒரு மணி நேரத்தில் தேடவேண்டிய பரப்பு சுமார் 43 சதுர கிலோமீட்டர். பத்து மணி நேரம் கழிந்தாலோ, அது 4,300 சதுர கிலோமீட்டராக விரிந்துவிடும். நேரம் பத்து மடங்கு. தேடவேண்டிய இடமோ நூறு மடங்கு! பெங்களூரு மாநகரத்தைப்போல ஏறத்தாழ ஆறு நகரங்களின் பரப்பில், அலைகளுக்கு நடுவே ஒரு மனிதத் தலையைத் தேடுவது எப்படியிருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

நூறு கடல் மைலுக்கு அப்பால் நிற்கும் ரோந்துக் கப்பல், முழு வேகத்தில் வந்தாலும் நான்கு மணி நேரம் ஆகும். ஆகையால் முதலில் டார்னியர் விமானம் பறந்து சென்று இடத்தைக் கண்டுபிடிக்கும், கப்பல் பின்தொடரும். காற்றையும் நீரோட்டத்தையும் கணக்கிட்டு, காணாமற்போனவர் எங்கே ஒதுங்கியிருக்கக்கூடும் என்று சொல்லும் கணினி ஏற்பாட்டை ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் 2016 முதல் அளித்துவருகிறது. இத்தனை உதவியிருந்தும், படகு கடைசியாக நின்ற இடம் தெரியாவிட்டால் எல்லாம் இருளில் துழாவுவதுபோலவே ஆகும்.

மங்களூருக்கு அப்பால் நடந்தது

நம் கர்நாடகக் கடலிலேயே நடந்த ஒரு சம்பவம் இதோ. 2021 ஏப்ரல் 13 அன்று அதிகாலை, புது மங்களூருக்கு மேற்கே சுமார் 43 கடல் மைல் தொலைவில், கேரளத்தின் பேப்பூரிலிருந்து வந்த மீன்பிடிப் படகொன்று "ஏ.பி.எல். லீ ஹாவ்ர்" என்னும் சரக்குக் கப்பலோடு மோதிக் கவிழ்ந்தது. படகில் தமிழ்நாட்டவரும் மேற்கு வங்காளத்தவருமாக 14 பேர் இருந்தனர். கடலோரக் காவல்படையின் "ராஜ்தூத்" உள்ளிட்ட கப்பல்களும், கோவாவிலிருந்து விமானமும் விரைந்தன. கடற்படையின் "தில்லாஞ்சங்", "கல்பேனி" ஆகிய சிறு கப்பல்களும், கார்வாரிலிருந்து ரோந்துக் கப்பலான "சுபத்ரா"வும் முக்குளிப்போரோடு தேடுதலில் இணைந்தன. இருவர் உயிரோடு மீட்கப்பட்டனர். முதற்கட்டத் தேடுதலில் மூவரின் உடல்கள் கிடைத்தன. ஒன்பது பேரை அப்போது காணவில்லை.

கப்பல்கள் தாமதிக்கவில்லை. ஆயினும் நள்ளிரவின் இருளில், உறங்கிக்கொண்டிருந்தவர்களோடு படகு கவிழ்ந்தபின் ரோந்துக் கப்பலால் செய்யக்கூடியது கொஞ்சமே. படகில் விளக்கு எரிவதும், ஒருவராவது விழித்திருந்து காவல்காப்பதும், உயிர்காப்பு அங்கி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுமே அங்கே உயிரைக் காக்கும்.

காவலும் கசப்பும்

ரோந்துக் கப்பலைக் குறித்து நம் மீனவர் உள்ளத்தில் நன்றியும் உண்டு, அச்சமும் உண்டு. 2012 பிப்ரவரி 15 அன்று "என்ரிகா லெக்சி" என்னும் இத்தாலிய எண்ணெய்க் கப்பலின் படைவீரர்கள் சுட்டதில், குமரி மாவட்டத்தைச் சேர்ந்தவர் உட்பட இரு மீனவர்கள் மாண்டனர். அப்போது கடலோரக் காவல்படைக் கப்பல்களே அக்கப்பலை வழிமறித்துக் கொச்சிக்குக் கொண்டுவந்தன. அவை இல்லாதிருந்தால், கொன்றவர் யாரென்றே தெரியாமல் போயிருக்கும்.

மறுபுறத்தில், 2022 அக்டோபர் 21 அன்று பாக் நீரிணைப் பகுதியில் இந்தியக் கடற்படையின் கப்பலொன்று சுட்டதில் தமிழக மீனவர் ஒருவர் காயமடைந்தார். எச்சரித்தும் படகு நிற்கவில்லை என்பது கடற்படையின் விளக்கம். தன் சொந்த நாட்டுக் கப்பலே சுட்டது என்பது மீனவரின் வேதனை. இருளில் தெரியும் படகு மீனவனுடையதா, கடத்தல்காரனுடையதா என்று தொலைவிலிருந்து பிரித்தறிவது கடினமே. அதனாலேயே அடையாள அட்டை, படகின் பதிவெண், அடையாளம் சொல்லும் கருவி ஆகியவை மீனவனுக்கும் பாதுகாப்பாகின்றன. அதுபோலவே, ஆயுதம் தாங்கியவனுக்குப் பொறுமையும், மீனவனின் மொழியில் பேசும் ஒருவரின் துணையும் அவசியம் என்பதையும் சொல்லியாகவேண்டும்.

தம் ஜீவனைக் கொடுத்தவர்கள்

மீட்கச் செல்பவர்களும் மனிதரே. 2024 செப்டம்பர் 2 இரவில், குஜராத்தின் போர்பந்தருக்கு அப்பால் சென்றுகொண்டிருந்த எண்ணெய்க் கப்பலில் காயமடைந்த ஒருவரை ஏற்றிவரக் கடலோரக் காவல்படையின் ஹெலிகாப்டர் புறப்பட்டது. நம் பெங்களூரின் எச்.ஏ.எல். நிறுவனத்தில் தயாராகும் துருவ் வகை ஹெலிகாப்டர் அது. கப்பலை நெருங்கும் வேளையில் அது கடலில் விழுந்தது. அதிலிருந்த நால்வரில் ஒருவரே பிழைத்தார். அறியாத ஒரு மனிதனைக் காப்பாற்றப் போய், மூன்று வீடுகளில் விளக்கு அணைந்தது. 2025 ஜனவரி 5 அன்று போர்பந்தரில் அதே வகை ஹெலிகாப்டர் மீண்டும் விபத்துக்குள்ளாகி மேலும் மூவர் மாண்டனர். மீட்பவர்களின் கருவிகள் பழுதற்றவையாக இருக்கவேண்டும் என்று கேட்பதும் அவர்களுக்கு நாம் செலுத்தவேண்டிய மரியாதையே.

குடும்பத்தார் கவனத்திற்கு

கடலோர ஊர்களில் உறவினரைக் கொண்டுள்ள நம் வாசகர்கள் இந்தச் சில காரியங்களை இவ்வாரமே தொலைபேசியில் விசாரித்துக்கொள்வது நலம்.

1. உங்கள் வீட்டாரின் படகில் அபாய அறிவிப்புக் கருவி உள்ளதா? உள்ளதென்றால், அது முறையாகப் பதிவு செய்யப்பட்டு, நல்ல நிலையில் இருக்கிறதா? பெட்டிக்குள் பூட்டிவைத்த கருவி எவரையும் காப்பாற்றாது.

2. பதிவில் கொடுக்கப்பட்டுள்ள அவசரத் தொலைபேசி எண் இன்றும் உபயோகத்தில் உள்ளதா? அபாயக் குரல் வந்தவுடன் அதிகாரிகள் உண்மையறிய முதலில் அழைப்பது அந்த எண்ணையே. எண் மாறியிருந்தால் பொன்னான நேரம் வீணாகும்.

3. படகின் பெயர், பதிவெண், புறப்பட்ட துறைமுகம், ஆட்களின் எண்ணிக்கை, திரும்பவேண்டிய நாள் ஆகிய ஐந்தையும் வீட்டில் ஒரு தாளில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

4. திரும்பவேண்டிய நாள் கடந்தால், "நாளைக்கு வந்துவிடுவார்கள்" என்று காத்திருக்க வேண்டாம். கடலோரக் காவல்படையின் கட்டணமில்லா எண் 1554. கடலோரக் காவல்துறையின் எண் 1093. ஊரிலுள்ள மீன்வளத்துறை அலுவலகத்திலும் உடனே தெரிவிக்கச் செய்யுங்கள்.

5. உயிர்காப்பு அங்கி எத்தனை என்று கேளுங்கள். ஆட்களின் எண்ணிக்கைக்கு ஒன்று குறைந்தாலும் அது போதாது. நீந்தத் தெரியும் என்பது பதிலல்ல; புயலில் நீச்சல் வெகுநேரம் துணைநிற்பதில்லை.

6. விளையாட்டாகவோ சோதிப்பதற்காகவோ அபாயப் பொத்தானை அழுத்தலாகாது. பொய்யான குரலைத் தேடிக் கப்பல் போன நேரத்தில், மெய்யான குரல் வேறோர் இடத்தில் அடங்கிப்போகக்கூடும்.

பிரியமானவர்களே, பீனியாவின் தெருக்களில் இரவு ஷிஃப்டுக்குச் செல்லும்போது, அங்கே ஒரு கட்டடத்தில் கடலின் குரலுக்காகச் சிலர் இரவும் பகலும் விழித்திருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஜாலஹள்ளியில் ரேடார் செய்கிறவரும், எச்.ஏ.எல்.லில் ஆணி முடுக்குகிறவரும் தாங்கள் ஒருநாளும் பார்த்திராத மீனவனின் ஜீவனைத் தங்கள் கைகளில் தாங்குகிறார்கள். அவர்களில் நம் தமிழரும் உண்டு. வேலையில் காட்டும் உண்மை என்பது வெறும் சம்பளத்துக்கான காரியமல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமோ? கடலில் இருக்கிறவர்களையும், அவர்களைத் தேடிச் செல்கிறவர்களையும் நம் குடும்ப ஜெபங்களில் நினைவுகூருவோம். ஜெபித்து முடித்தவுடன், ஊருக்குத் தொலைபேசி எடுத்து, அந்தக் கருவி வேலை செய்கிறதா என்றும் கேட்போம்.